மூடியைத் திறந்தால் நிற்கும்

மணி ஒன்பதே முக்கால். மழை விடுவதும் பிடிப்பதுமாக இருந்தது. அந்தச் சாலையில் பதினோரு விளக்குக் கம்பங்கள். எரிந்தது ஒன்றே ஒன்று. அதுவும் எரியலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. ஒரு பக்கம் பூட்டிக் கிடந்த கிடங்குகள், மறுபக்கம் முள்வேலி. நடுவில் ஒரு ஸ்கூட்டர் மட்டும்... டுப், டுப், டுப் என்று போய்க்கொண்டிருந்தது.

நெருங்கி உட்காருங்கள். கத்திச் சொல்கிற கதை இல்லை இது. ஜன்னலோரம் இருக்கிறவர் அந்தத் திரையை ஆட்டாமல் இருந்தால் புண்ணியமாகப் போகும்.

ஸ்கூட்டரில் போனவர் என் நண்பனின் அக்கா வீட்டுக்காரர். வாஷிங் மெஷின் ரிப்பேர் செய்கிறவர். எல்லோருக்கும் அவர் மெஷின்காரர்தான். ஒரு நர்ஸ் போன் செய்திருந்தாள். பகலெல்லாம் ஆஸ்பத்திரியில் வேலை, ராத்திரியில்தான் துணி துவைப்பாளாம். “அண்ணா, மெஷின் பாதியிலேயே நின்னுடுது. யாரோ மூடியைத் திறந்த மாதிரி டக்குனு நிக்குது. ஆனா மூடி மூடித்தான் இருக்கு.”

அதைக் கேட்டதும் மெஷின்காரர் போனை ஒரு காதிலிருந்து இன்னொரு காதுக்கு மாற்றினார். ஏன் என்று தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

மெஷின்களில் ரகம் ரகமாக உண்டு. அவருக்குப் பிடித்தது பழைய ரகம். மேலே மூடி, உள்ளே தொட்டிக்கு நடுவில் இறக்கை வைத்த ஒரு தண்டு. கர்ர்-கட், கர்ர்-கட் என்று அந்தத் தண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பி, துணியைக் கீழே இழுத்து மேலே தள்ளும். புது ரகங்களைப் பற்றி யாராவது பெருமை பேசினால் அவருக்குப் பொறுக்காது. “அதெல்லாம் துணிக்குத் தாலாட்டுப் பாடும். இது அழுக்கோட கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளும்” என்பார். “தண்ணி நிறையக் குடிக்கும், இல்லேங்கல. சட்டைக் கையை முறுக்கிக்கும், அதையும் இல்லேங்கல. ஆனா அரை மணியில வேலை முடிஞ்சிடும். ஓடிக்கிட்டிருக்கும்போதே மூடியைத் திறந்து மறந்துபோன துணியைப் போடலாம். எல்லா மெஷின்லயும் அது முடியுமா?”

அந்தக் கடைசி வசதிதான் அவர் மகளுக்கு விளையாட்டு. ஆறு வயது. வாலு என்றுதான் கூப்பிடுவார்கள்; அவளும் அதற்குக் குறை வைக்கவில்லை. வீட்டில் மெஷின் ஓட ஆரம்பித்தால் போதும், ஸ்டூலை இழுத்துக்கொண்டு வந்துவிடுவாள். “அப்பா, இன்னொண்ணு இருக்கு” என்று மூடியைத் தூக்குவாள். மெஷின் கப்சிப். பொம்மையின் பூப்போட்ட கவுனை உள்ளே போடுவாள், மூடியை மூடுவாள், மெஷின் மறுபடி ஓடும். இவ்வளவு பெரிய மெஷின் தன் பேச்சைக் கேட்கிறதே என்று அவளுக்குச் சிரிப்புத் தாங்காது. அப்பாவும் விட்டுவிடுவார். திறந்தால் நிற்கிற மெஷின்தானே...

அப்படி நிறுத்துவது மூடிக்கு அடியில் இருக்கிற ஒரு சின்ன சுவிட்ச். கட்டைவிரல் அளவுதான். ஒருநாள் அவர் வீட்டு மெஷினில் அது கெட்டுப்போனது. மூடி மூடியிருந்தாலும் ஓடமாட்டேன் என்றது. மாற்றிப் போடப் புதுசு கையில் இல்லை. அழுக்குத் துணி குவிந்துவிட்டது, வீட்டுக்காரி முணுமுணுக்கிறாள். அவசரத்துக்கு மெக்கானிக்குகள் செய்கிற ஒரு குறுக்கு வழி உண்டு, அதைச் செய்தார். சுவிட்சுக்குப் போகும் இரண்டு கம்பிகளையும் வெட்டி, ஒன்றோடொன்று முறுக்கி, நீல டேப் சுற்றிவிட்டார். அதன்பிறகு மூடி திறந்திருக்கிறதா இல்லையா என்பது மெஷினுக்குத் தெரியாது. இரண்டு நாளைக்குத்தானே என்று நினைத்தார். யாரிடமும் சொல்லவில்லை. இரண்டு நாள் இருபது நாளாயிற்று. ஊர் மெஷினையெல்லாம் பார்த்துவிட்டு வருகிறவருக்கு வீட்டு மெஷினைப் பார்க்க எங்கே நேரம்...

அந்த இருபது நாளும் வாலு பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே துணி துவைத்து முடிந்துவிடும். இருபத்தோராவது நாள் வீட்டில் இருந்தவள் மூடியைத் தூக்கினாள். மெஷின் நிற்கவில்லை. கடைசியில் தண்ணீரைப் பிழிய வேகமாகச் சுழலுமே, அந்தச் சுற்று. அவள் வழக்கம்போலப் பொம்மைக் கவுனோடு கையை நீட்டினாள்.

அதை நான் சொல்லப் போவதில்லை. நீங்களும் கேட்காதீர்கள். ஆஸ்பத்திரி வாசல்வரைகூட அவள் தாங்கவில்லை. வீட்டில் கிடத்தியிருந்தபோது வலது கையை முழங்கைவரை வெள்ளைத் துணியால் சுற்றியிருந்தார்கள். அவிழ்த்துப் பார்க்க வேண்டும் என்று தாய் பாய்ந்தாள். நான்கு பேர் சேர்ந்து அவளைப் பிடித்துக்கொண்டோம். ஆமாம், நானும்தான். பார்க்காமல் இருப்பது நல்லது என்று நினைத்தோம். பார்த்திருந்தால் ஒருமுறைதான் பார்த்திருப்பாள். பார்க்காததால் தினம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து பதினான்கு மாதம் அவள் புருஷனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. சமைப்பாள், தட்டை வைப்பாள், நகர்ந்துவிடுவாள். துணியெல்லாம் கையால்தான் துவைத்தாள். பொம்மை அலமாரியில் கவுன் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. அந்தக் கவுனை எவ்வளவோ தேடினாள், கிடைக்கவில்லை. மெஷினை உடைத்து எடைக்குப் போட்டுவிடு என்று மச்சானிடம், அதாவது என் நண்பனிடம், மெஷின்காரர் சொல்லியிருந்தார். அவன் பழைய இரும்புக் கடையில் இறக்கிவிட்டு வந்தான். உடைப்பதைப் பார்க்க அவனுக்கும் மனசு வரவில்லை.

மெஷின்காரர் மட்டும் அதற்கப்புறம் பையில் எந்நேரமும் மூன்று புது சுவிட்சுகள் வைத்திருப்பார். எந்த வீட்டில் கம்பி முறுக்கியிருப்பதைக் கண்டாலும், கேட்காமலே மாற்றிவிட்டுத்தான் வருவார்.

சரி... இப்போது நர்ஸ் வீட்டுக்குப் போவோம்.

சாலை முடிகிற இடத்தில் தனி வீடு. உள்ளே பினாயில் வாசனையும் ஈரத்துணி வாசனையும். குளியலறைக்கு வெளியே மெஷின் நின்றது. சாம்பல் பெயின்ட், யாரோ கையால் பூசிய தூரிகைத் தடம் தெரிந்தது. நர்ஸின் இடுப்பில் நான்கு வயதுப் பையன், தூங்கமாட்டேன் என்று கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தான்.

“செகண்ட் ஹேண்டா வாங்குனதா?”

“ஆமாண்ணா. மூணு மாசம் ஆச்சு. நல்லாத்தான் துவைக்குது. நிக்கிறதுதான் தொந்தரவு.”

மெஷினை ஓடவிட்டார். கர்ர்-கட், கர்ர்-கட். தண்டு நன்றாகத்தான் திரும்பியது. தண்ணீர் இறங்கியது. பிழிகிற சுற்று தொடங்கியது. ஊங்ங்... என்று சத்தம் ஏறி ஏறி...

டக்.

நின்றுவிட்டது. மூடி மூடியே இருந்தது. குழாய்நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. மெஷின்காரர் கையை நீட்டப்போனார். அதற்குள் அது தானாக மறுபடி ஓட ஆரம்பித்தது. இடைவெளி எவ்வளவு தெரியுமா? ஒரு சின்னத் துணியை உள்ளே போட்டு மூடியை மூட எவ்வளவு நேரமாகுமோ, அவ்வளவு.

“இப்படித்தாண்ணா, தினமும்” என்றாள் நர்ஸ். “ஆனா திட்டவும் மனசு வரல. போன வாரம் இந்தப் பய ஸ்டூல் போட்டு ஏறி, சுத்திக்கிட்டிருக்கும்போதே மூடியைத் தூக்கிக் கையை விட்டுட்டான். நான் ஓடி வர்றதுக்குள்ள நின்னுடுச்சு. ஒரு கீறல் இல்ல. மூடியைத் திறந்தா நிக்கும்ல, அது வேலை செஞ்சிருக்கு.”

அவர் பிளக்கைப் பிடுங்கினார். மேல் தகட்டின் திருகுகளைக் கழற்றித் தூக்கினார். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு உள்ளே பார்த்தார்.

நீல டேப்.

பிரித்தார். மூன்று முறுக்கு, நுனியில் ஒரு மடிப்பு. ஊரில் வேறு யாரும் கம்பியை அப்படி முடிக்கமாட்டார்கள். திருப்புளி முனையால் பக்கத்துப் பெயின்ட்டைக் கொஞ்சம் சுரண்டினார். உள்ளே வெள்ளை. அதன்மேல் வாலு ஒட்டிய நட்சத்திர ஸ்டிக்கர், குழந்தை எட்டுகிற உயரத்தில். இரும்புக் கடைக்காரன் உடைக்காமலே பெயின்ட் பூசி விற்றிருக்கிறான்.

நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த மெஷினால் தானாக நிற்க முடியாது. மூடி திறந்ததைச் சொல்லி நிறுத்துவதற்கு அதற்குள் ஒன்றுமே இல்லை. அதை எடுத்தவரே அவர்தான். அப்படியானால் அந்தப் பையன் கையை விட்டபோது...

“என்னண்ணா, பெரிய கோளாறா?”

“இல்லம்மா. சின்னதுதான்... நீங்க பையனைப் படுக்க வெச்சுட்டு வாங்க.”

அவள் போனதும் நடுத்தண்டின் தொப்பியைத் திருகி எடுத்தார். போல்ட்டைக் கழற்றினார். இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அந்தத் தண்டுக்கு அடியில் என்னென்னவோ போய் மாட்டும். பித்தான், ஊக்கு, ஒற்றைச் சாக்ஸ். அவர் தேடியது அதையெல்லாம் இல்லை. அது அங்கேதான் இருந்தது. பூப்போட்ட கவுன், உள்ளங்கை அகலம். எடுத்தார். இன்னும் தொட்டியெல்லாம் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. கவுன் மட்டும் வெயிலில் காயப்போட்டு எடுத்ததுபோல மொடமொடவென்று காய்ந்திருந்தது.

அவருக்குப் பயம் வரவில்லை. அழுகைதான் வந்தது. பதினான்கு மாதமாக மகள் எங்கே என்று தேடிய மனுஷன். கனவில்கூட ஒருநாளும் வராத பிள்ளை, முன்பின் தெரியாத ஒரு வீட்டில், இருட்டில், காவல் நின்றுகொண்டிருக்கிறது. அப்பா செய்யாமல் விட்ட வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

பையிலிருந்து ஒரு சுவிட்சை எடுத்தார். மாட்டவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மாட்டினால் மெஷின் சரியாகிவிடும். அதன்பிறகு அவளுக்கு இங்கே வேலை இல்லை. மாட்டாவிட்டால்... ஏதாவது சாக்குச் சொல்லித் தினம் வரலாம். தினம் அந்த ‘டக்’ சத்தத்தைக் கேட்கலாம். உலகத்தில் அவருக்கென்று மிச்சமிருந்தது அந்த ஒரு சத்தம்தான். அதைத் தன் கையாலேயே நிறுத்த வேண்டும்.

உள்ளறையில் பையன் ஏதோ கேட்டுச் சிரித்தான். வலது கையால் சுவரைத் தட்டித் தட்டி விளையாடிக்கொண்டிருந்தான்.

மெஷின்காரர் எழுந்தார். தொட்டிக்குள் தலையை நீட்டினார். உள்ளே சோப்பு வாசனை, இருட்டு. மெல்லச் சொன்னார். “அப்பா மாத்திடறேன்டா கண்ணு. நீ இனிமே இங்க நிக்க வேணாம்... கை வலிக்கும்.”

வெட்டிய கம்பிகளைப் பிரித்துப் புது சுவிட்சை மாட்டினார். இரண்டு நிமிட வேலைக்கு இருபது நிமிடம் ஆனது. தண்டைப் பொருத்தினார். ஓடவிட்டார். ஊங்ங்... நிற்கவில்லை. முழுச் சுற்றும் ஓடி முடிந்தது. மறுபடி ஓடவிட்டு அவரே மூடியைத் தூக்கினார். நின்றது, எல்லா மெஷினும் நிற்பதுபோல. மூடிவிட்டுக் காத்திருந்தார். ஐந்து நிமிடம், பத்து நிமிடம். யாரும் திறக்கவில்லை.

“என்னண்ணா, கண்ணெல்லாம் செவந்திருக்கு?”

“சோப்புத் தண்ணி பட்டுடுச்சும்மா. இனிமே நிக்காது. பையன் திறந்தா மட்டும் நிக்கும்.”

கவுனைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மேலே மழைக்கோட்டைப் போட்டுக் கழுத்துவரை பூட்டினார். ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்து உதைத்ததும் வண்டியின் பின்பக்கம் லேசாக அழுந்தியது. டயரில் காற்று இறங்கியிருக்கும் என்று நினைத்தார். மழை கொட்டியது. அந்த ஒரு விளக்கும் அணைந்துபோயிருந்தது. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். என்ன பேசினார் என்று என் நண்பனிடம்கூடச் சொன்னதில்லை.

வீட்டுக்காரி கதவைத் திறந்தாள். வழக்கம்போல ஒன்றும் பேசாமல் திரும்பினாள். அவர் மழைக்கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்ட முதுகைத் திருப்பினார்.

பின்னால் தட்டு விழுந்து உருண்டது.

சட்டை எங்கும் நனையவில்லை. மழைக்கோட்டு அத்தனை கெட்டி. முதுகில் மட்டும், நடுவில், ஒரு கன்னம் அளவுக்கு ஈரம். அங்கிருந்து இரண்டு பக்கமும் விலா வழியாக முன்னால் வந்த இரண்டு மெல்லிய ஈரக்கோடுகள். வண்டியில் பின்னால் உட்கார்ந்த பிள்ளை விழுந்துவிடாமல் கட்டிக்கொள்ளுமே, அப்படி. சத்தம் கேட்டு அவர் திரும்பியபோது, வயிற்றருகே இரண்டு உள்ளங்கைகள் பதிந்திருந்தன. சோப்பு வாசனை அடித்தது.

அவள் மண்டியிட்டாள். இடது கைச் சுவட்டைப் பார்க்கவே இல்லை. வலது கைச் சுவட்டின்மேல் தன் விரலை வைத்து, சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுப் போனாள். கட்டைவிரலில் வந்து நின்றாள். பதினான்கு மாதத்துக்குப் பிறகு அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

“அஞ்சும் இருக்குங்க” என்றாள்.

அவர் அவள் தலையில் கையை வைத்தார். அவள் அந்த ஈரத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அப்போதுதான் இரண்டு பேருக்கும் தெரிந்தது... சட்டைத்துணிக்கு அந்தப் பக்கம் அவர் வயிறு சூடாக இருந்தது. இந்தப் பக்கம், அவள் கன்னத்துக்கடியில், அந்த ஐந்து விரல்களும் மெதுவாக மடங்கின.