ஏணியிலிருந்து விழுந்தவன் ஓட்டு

இன்னும் கொஞ்சம் கிட்ட நகர்ந்து உட்காருங்கள், கண்மணிகளே. பிரான்சில் எங்கள் மலையூர் சொலாஞ்ஜும், கால் முறிந்து கிடக்கும் அவள் புருஷன் அர்மானும் பேசிக்கொண்டதைச் சொல்கிறேன். ஐரோப்பியத் தேர்தல் ஞாயிறு. தனக்குப் பதிலாகப் போட அவன் எழுதிக் கொடுத்த அதிகாரத்தோடு அவன் ஓட்டையும் சேர்த்துப் போட்டுவிட்டு, சாயங்காலம் வீடு திரும்பி, அடுப்பில் சூப்பை ஏற்றியிருக்கிறாள்.

அர்மான்: இவ்ளோ நேரமாடி?

சொலாஞ்ஜ்: எண்ணுறதுக்கு ஆள் பத்தலைன்னு உக்கார வெச்சுட்டாங்கய்யா.

அர்மான்: என் ஓட்டு...?

சொலாஞ்ஜ்: போட்டாச்சு.

அர்மான்: பெட்டியில போடச் சொல்லி தபால்ல வந்த என் கட்சி ஓட்டுச் சீட்டை உன் கைப்பையில நானே வெச்சேனே... அதையேவா?

சொலாஞ்ஜ்: அதையேதான்.

அர்மான்: சத்தியமா?

சொலாஞ்ஜ்: நம்ம ரோசெத் ஆட்டு மேல சத்தியமா!

அர்மான்: ம்ம்...

சொலாஞ்ஜ்: என்ன ம்ம்? பாலாடைக்கட்டியை எப்படிப் பக்குவப்படுத்துறதுன்னு பிரஸ்ஸெல்ஸ்காரன் எனக்குச் சொல்றதான்னு ஒரு மாசமா கத்தினியே!

அர்மான்: இப்பவும் கத்துவேன்.

சொலாஞ்ஜ்: "வெளியாட்களே, வெளியேறுங்கள்"னு போஸ்டர் ஒட்டப் போயிதானே ஏணியிலேர்ந்து விழுந்த?

அர்மான்: ஏணி ஆடிச்சுடி!

சொலாஞ்ஜ்: பசை வாளியோட கிடந்தவனுக்கு ஓடி வந்து கட்டுப் போட்டது யாரு? ருமேனியாவுலேர்ந்து வந்த டாக்டர் வியோரிகா.

அர்மான்: அவங்க எப்படி வெளியாளு?

சொலாஞ்ஜ்: பின்ன, பக்கத்துத் தெருவா?

அர்மான்: அவங்க... அவங்க நம்ம டாக்டர்.

சொலாஞ்ஜ்: அந்த நம்ம டாக்டர் என்ன சொன்னாங்க? ஊர்ல பாதிக்கு மேல அந்தப் போஸ்டர் கட்சிக்கு விழுந்தா லியோன் ஆஸ்பத்திரி வேலைக்கு ஒத்துக்கிட்டுப் போயிடுவேன்னு...

அர்மான்: தெரியும்டி! எவ்ளோ விழுந்துச்சு? சொல்லித் தொலை!

சொலாஞ்ஜ்: மொத்தம் நூத்தி இருபத்துமூணு. உன் கட்சிக்கு அறுபத்தொண்ணு.

அர்மான்: பாதி... பாதியைத் தாண்டலையே?

சொலாஞ்ஜ்: இன்னொண்ணு விழுந்திருந்தா தாண்டியிருக்கும்.

அர்மான்: அப்பாடா!

சொலாஞ்ஜ்: உன் கட்சி பாதியைத் தாண்டாததுக்கா அப்பாடா?

அர்மான்: சும்மா... காலை நகத்தினேன்.

சொலாஞ்ஜ்: எந்தக் காலை?

அர்மான்: சரிடி, சொல்லிடறேன். நாப்பது வருஷமா எனக்கு எதிராவே ஓட்டுப் போடுறவ நீ. ஊர்ல வேற ஆளே இல்லாமயா உன்கிட்ட என் ஓட்டைக் குடுத்தேன்?

சொலாஞ்ஜ்: பின்ன?

அர்மான்: நீ எப்படியும் ஏமாத்திடுவேன்னு நம்பிக் குடுத்தேன்டி! கூட போஸ்டர் ஒட்டின பயலுக மூஞ்சியில முழிக்கணும், டாக்டரும் இருக்கணும்... நீ என்னடான்னா ஒழுங்கா போட்டுட்டு வந்து நிக்குற! இப்போ டாக்டர் சூப் குடிக்க வருவாங்களே, அந்த அறுபத்தொண்ணுல நானும் ஒருத்தன்னு தெரிஞ்சா...

சொலாஞ்ஜ்: ஏன்யா, ரோசெத்தைத்தான் போன வாரமே வித்துட்டோமே?

அர்மான்: ஆமா, வித்... அடியே! அப்போ என் சீட்டு?

சொலாஞ்ஜ்: சூப் கொதிக்குதுல்ல? அடுப்பை எதை வெச்சுப் பத்த வெச்சேன்னு நெனக்கிற!

உங்கள் வீட்டு அடுப்பும் அணையாமல் எரியட்டும், கண்மணிகளே. நோய் என்று படுத்தால் ஓடி வர ஒருவரும், வந்தவருக்குக் கொடுக்க ஒரு கிண்ணம் சூப்பும் உங்கள் வீட்டில் என்றும் இருக்கட்டும்.