அம்மனுக்குக் கட்டிய பேனர்

விளக்கை ஏத்துறதுக்கு முன்னால ஒரு சின்னக் கதை இருக்கு, தாய்மாரே. கேட்டுட்டு ஏத்துவோம்...

எங்க வெள்ளூரணியில தை மாசம் கோயில் கொடைத் திருவிழா முடிஞ்ச மறுநாள் அம்மன் சப்பரம் ஊர் எல்லைக்குப் போகும். அங்க நிறுத்தித் திரையை விலக்குவாங்க. எதுக்கு? அம்மன் விளைச்சலைக் கண்ணாரப் பார்க்கணும். அவ பார்த்தாத்தான் மறுவருஷம் விளையும்.

போன கொடைக்கு எல்லையில விளைச்சல் எங்க இருந்துச்சு? முந்நூறு ஏக்கர்... பூராவும் சோலார் தகடு! கண்ணு கூசுது. அந்த நிலத்தையெல்லாம் பேசி முடிச்ச தரகர் சுடலைக்கண்ணு என்ன செஞ்சாரு தெரியுமா? சப்பரம் நிக்கிற இடத்துக்கு நேரா, நாப்பது அடிக்குப் பேனர் கட்டிட்டாரு. பேனர் நிறைய நெல்லு வயல்... பின்னால தென்னந்தோப்பு... அதுக்கும் பின்னால பனிமலை! மழைக்கே ஏங்குற மானாவாரி ஊரு தாயி எங்க ஊரு. அங்க பனிமலை!

தகடு ஏறாம மிஞ்சினது பிரமசக்தி அக்காவோட ரெண்டு ஏக்கர் கம்மங்காடுதான். பாதைக்கு அந்தப் பக்கம். அதுக்கும் கையெழுத்து கேட்டு நடையா நடந்தவரு, அன்னைக்குச் சப்பரத்துக்கு முன்னாலயே ஆரம்பிச்சுட்டாரு.

"பார்த்தியா மதினி? முன்ன இருந்ததுக்கு இது அழகு. உன் காட்டுக்கும் ஒண்ணு கட்டித் தாரேன். அம்மனே ஒண்ணும் சொல்லல... நீ கையெழுத்தைப் போடு."

அக்கா பேனரை மேலயும் கீழயும் பார்த்தாங்க.

"ஏன் கொழுந்தனாரே, தகடு நல்லதுன்னா அதையே அவளுக்குக் காட்ட வேண்டியதுதானே? எதுக்கு மூடுறீரு?"

"அது... பார்வைக்குக் கொஞ்சம்..."

"யாரு பார்வைக்கு? எங்களுக்குக் கண்ணு இல்லைன்னு முடிவு பண்ணிட்டீரு. அவளுக்குமா?"

சப்பரம் தூக்கின ஆளுகளே சிரிச்சுட்டாங்க. அக்கா சப்பரத் தண்டுல கை வச்சாங்க. "திருப்புங்கப்பா."

திருப்பினாங்க! கையில சூடத்தட்டோட பேனருக்கு முன்னால நின்ன பூசாரி, சுத்திக்கிட்டு ஓடி வந்தாரு. குட்டைக் கதிரு... குருவி தின்னு மிச்சம் வச்சது... ஆனா நிசமான கம்பு. அம்மன் அதைத்தான் பார்த்தா. கையெழுத்துக்குக் கொண்டுவந்த காகிதம் சுடலைக்கண்ணு சட்டைப் பையிலயே வேர்வையில ஊறிப் போச்சு.

கரண்டு வேண்டாம்னா சொல்றேன்? என் வீட்டுலயும் மிக்ஸி ஓடுது. ஆனா செஞ்ச காரியத்துக்கு மேல படத்தைக் கட்டுறவனுக்கு, அது அசிங்கம்னு தெரியாமலா இருக்கும்? தெரியும்! நமக்குத் தெரியக் கூடாதுன்னுதான் கட்டுறான். இனி யாராவது காகிதத்தை நீட்டினா ஒண்ணே ஒண்ணு கேளுங்க... "ஐயா, இதைத் திரை இல்லாம அம்மனுக்குக் காட்டுவீரா?" காட்டுவேன்னா உட்காரச் சொல்லுங்க. முழிச்சா... வாசலைக் காட்டுங்க.

சரி, திரியைத் தூண்டுங்க. எதையும் மூடி வைக்காத கை எதுவோ, அது முதல்ல ஏத்தட்டும்.