ஆமைக்கு வெட்டின கிடங்கு

சண்டிலிப்பாய்ச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய் இன்னும் வரவில்லை. வரிசை மட்டும் வந்திருந்தது. எனக்கு முன்னால் நின்ற பெண் பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள்:

"எங்கடை ஆமையின்ரை புண்ணியத்திலைதானக்கா நாங்கள் உயிரோடை நிக்கிறம்."

மற்றவள் போத்தலைக் கீழே வைத்தாள்.

"ஆமையோ?"

"ஓம். பொம்பர் குண்டு போட்டாப் பதுங்க ஒரு பங்கர் வெட்டுங்கோ எண்டு மனுசனை இரண்டு வருசமாக் கேட்டனான். கீழை கல்லு, முதுகு நோகுது எண்டார். போன மாதம் ஆரோ ஒரு ஆமையைக் குடுத்தாங்கள். ஏறி ஓடிப்போகுமெண்டு ஒரே நாளிலை நெஞ்சளவு கிடங்கு வெட்டி, நாய் பாயாமல் மேலை பாதிக்குப் பனங்குத்தியும் போட்டார். மற்றப் பாதி அதுக்கு வெயில் காயவாம்."

"முதுகு?"

"ஆமைக்கெண்டால் நோகாது. நேற்றுப் பொம்பர் வரேக்கை முதலிலை அதுக்குள்ளை குதிச்சதும் அவர்தான். பிறகு நானும் பிள்ளையளும்."

"ஆமை?"

"மூலையிலை தலையை இழுத்துக்கொண்டு கிடந்தது. இவரும் அப்பிடித்தான் கிடந்தார். மாமிக்குத்தான் இடம் காணேல்லை, பாவம், மாமரத்துக்குக் கீழை படுத்திருந்தா."

"இன்னொண்டு வெட்டச் சொல்லன்."

"சொன்னனான். முதுகு நோகுதாம். உங்கடை பக்கம் ஆரிட்டையும் இன்னொரு ஆமை இருந்தாச் சொல்லுங்கோ அக்கா."