இளைச்சிட்டான்னு சொன்னதுக்கு

ஐயம்பேட்டையிலிருந்து காஞ்சிபுரம் போகும் ஷேர் ஆட்டோவில் எனக்கு எதிரே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெரியவர், "உன் தம்பிய நேத்து பாத்தேம்மா, நல்லா இளைச்சிட்டான்" என்றார்.

"அந்தப் பேச்சை எடுக்காதக்கா, பத்திக்கினு வருது" என்றாள் சின்னவள்.

"நல்லதுதானே சொன்னேன்?"

"போன வருஷமும் எல்லாரும் நல்லதுதான் சொன்னீங்க. மனசுக்குப் போடுற மாத்திரையால அவனுக்குப் பசி அடங்கவே இல்ல, உடம்பு ஊதிப்போச்சு. தறிக்குழியில உக்கார முடியலன்னு கூட நெய்யறவங்க சிரிச்சாங்க. யார்கிட்டயும் சொல்லாம மாத்திரைய நிறுத்திட்டான். இளைச்சான். தெருவே மெச்சிச்சு. நான் புதுச் சட்டை எடுத்துக் குடுத்தேன். கடைசில, தறியில கட்டியிருந்த பாவு நூல் தன்னைத் திட்டுதுன்னு அத்தனையும் அறுத்துப் போட்டான்."

"உடம்பு ஊதினப்பவே டாக்டர்கிட்ட சொல்லலியா?"

"சொன்னேனே! சோத்தைக் குறைன்னாரு, தலைய நிமிர்த்தாம. இப்ப பாக்குற டாக்டரம்மா முதல் நாளே எடை பாத்து, சுகர் பாத்து, மாத்திரைய மாத்திக் குடுத்தாங்க. இதை அவரு அப்பவே செஞ்சிருக்கக் கூடாதா?"

"அப்போ இது நல்ல இளைப்புதாம்மா."

"அது எனக்கு எப்படிக்கா தெரியும்? கல்யாண வயசு ஆம்பளைய, தினம் வாயத் தொற, நாக்கைத் தூக்கு, மாத்திரைய முழுங்கினியா காட்டுன்னு நிக்க வெக்கிறேன். அவனும் நாக்கைத் தூக்கிக் காட்டுறான்."