எட்டா, பதினாறா?

திரை மூடிய கல்வெட்டுக்குப் பக்கத்தில் பொறுமை பொங்க வீற்றிருக்கும் தலைவர் ஐயா அவர்களே! காலொன்று போனாலும் களிப்புக் குன்றாமல் வந்திருக்கும் பெரியோர்களே! பிள்ளையைத் தோளிலும் கவலையை நெஞ்சிலும் சுமந்து வந்த தாய்மார்களே! நகக்கண்ணிலிருந்து மாவுக்கட்டுப் பொடி உதிராமலே எழுந்து வந்துவிட்ட, கால் செய்யும் கலைஞர்களே! "அஞ்சே நிமிஷம் மேடம்" என்று காதில் ஓதிவிட்டுக் கடிகாரத்தை என் பக்கம் திருப்பிவைத்த செயலாளர் அவர்களே! உங்கள் அத்தனை பேரையும் கைகூப்பி வணங்கித் தொடங்குகிறேன்.

இந்தச் செயற்கைக்கால் நிலையத்தின் தரவுத்தளத்தைப் பார்த்துக்கொள்பவள் நான். பேரைக் கேட்டு மிரளாதீர்கள். உங்கள் இடுப்பளவு, முழங்கால் அளவு, ஸ்கேன் படம் எல்லாம் கணினிக்குள் குடியிருக்கும் இடம், அவ்வளவுதான். அலுவலகத்தில் எனக்குத் 'துருவி' என்று பெயர். எதையும் துருவித் துருவிக் கேட்பேனாம்! வீட்டுக்காரர் இன்னும் ஒரு படி மேலே. "எல்லாரும் மருந்து மேல தேதியைப் பார்ப்பாங்க. இவ கடைக்காரர் பொறந்த தேதியையும் கேப்பா" என்கிறார். சிரியுங்கள், சிரியுங்கள்! அந்தத் துருவல் இன்று இந்த விழாவைக் காப்பாற்றுமா, கவிழ்க்குமா என்பது எனக்கே இன்னும் தெரியாது.

ஏன் இந்தப் புதுக் கணினி? யாருக்காக? இதோ, முன்வரிசையில் இருக்கிறாரே தையற்கார அக்கா, அவருக்காக! விபத்தில் இடுப்போடு கால் போனது. முழங்காலுக்குக் கீழே போனால், மிச்சக் காலைச் செருகிக்கொள்ளச் சின்னக் கிண்ணம் போதும். இவருக்கோ இடுப்பையே அணைத்துப் பிடிக்கும் கிண்ணம் வேண்டும். அதற்கான ஸ்கேன் மிகப் பெரியது. பழைய கணினியில் அதைத் திறந்தால் முக்கால்வாசி வரும், அப்படியே உறைந்துபோகும். "படம் கெட்டுப்போச்சு போல" என்று சொல்லி மறுபடி மறுபடி ஸ்கேன் எடுத்தோம். ஒவ்வொரு முறையும் ஒற்றைக் காலில், கம்பியைப் பிடித்து, உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார் இவர். எதற்காக? "உக்காந்து தைக்கலாம், உக்காந்து துணி வெட்ட முடியாதும்மா. மேசை முன்னால நிக்கணும்" என்றார். நிற்க வேண்டும்! அது ஒன்றுதான் அவர் கேட்டது.

படம் கெடவில்லை, கணினிதான் சிறிது என்று பிறகு புரிந்தது. அது முப்பத்திரண்டு பிட் காலத்துக் கணினி. பிட் என்பது கணினியின் கடுகளவு அலகு. ஒரே மடக்கில் அது விழுங்கும் அளவு அவ்வளவுதான். அந்த அளவுக்குச் 'சொல் அளவு' என்று பேர். அதன் தரவுத்தளம், நான்கு பிட்டுக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில், நினைவகத்தின் ஒவ்வோர் அறைக்கும் எட்டே எழுத்தில் விலாசம் எழுதும். எட்டு எழுத்தில் அடங்காத அறை ஆயிரம் இருந்தாலும் அதற்குக் கூப்பிடத் தெரியாது. கூப்பிடத் தெரியாத அறைக்குள் எப்படிப் போவது? அறுபத்து நான்கு பிட் என்றால் விலாசம் பதினாறு எழுத்து. அக்காவின் ஸ்கேன் போல நூறு ஸ்கேன் தங்கலாம்.

வந்தது புதுக் கணினி. வாரிச் சுருட்டி எல்லாவற்றையும் அதில் குடியேற்றினோம். ஒரு பிழை உண்டா? ஒரு முனகல் உண்டா? இல்லை! கைதட்டினோம். 'முழுதும் அறுபத்து நான்கு பிட்' என்று கல்வெட்டும் வெட்டியாயிற்று. பழைய கணினியை ஏற்றிப்போகப் பழைய இரும்புக்காரர் வண்டியும் வாசலில் வந்து நின்றது.

அக்காவின் ஸ்கேனைத் திறந்தோம். முக்கால்வாசி வந்தது. உறைந்தது.

பின்னாலிருந்து யாரோ "அட கடவுளே" என்கிறீர்கள். நானும் அதைத்தான் சொன்னேன். "மறுபடி ஸ்கேன் எடுத்துடலாம்" என்றார்கள் எல்லோரும். எனக்கோ மண்டைக்குள் குடைச்சல். நின்றது சரி, ஏன் அதே இடத்தில் நின்றது? குட்டை வாசலில் இடித்துக்கொண்டவர் உயர வாசலுக்கு வந்தும் அதே உயரத்தில் இடித்துக்கொண்டால், வாசலைச் சந்தேகிப்பீர்களா, ஆளைச் சந்தேகிப்பீர்களா?

தலைவர் ஐயாவிடம் ஓடினேன். அவரும் என் அவசரம் புரியாமல் கேட்டார். "மெஷின் அறுபத்து நாலுதானேம்மா? பெட்டியிலயே போட்டிருக்கே."

"ஆமாங்கய்யா."

"அப்புறம் என்னத்தம்மா இன்னும் துருவுற?"

"வீட்டைப் பார்த்துட்டோம்ங்கய்யா. குடி வந்தவரை யாருமே பார்க்கலையே!"

நீ யார் என்று தரவுத்தளத்தைக் கேட்கவில்லை நான். பேரைக் கேட்டால் யாரும் பெருமையாகத்தான் சொல்லுவார்கள். உன் விலாசம் ஒன்றை எழுதிக் காட்டு என்றேன். எழுதியது. எண்ணினேன். எட்டு!

புது மாளிகையில் பழைய ஆளே குடியிருந்தார்! பழைய மென்பொருளை அப்படியே தூக்கி வைத்திருந்தோம். புதுக் கணினியோ பெருந்தன்மைக்காரர். பழையதையும் முகம் சுளிக்காமல் ஓட்டிவிட்டார். பிழை வராததையே சரி என்பதற்குச் சாட்சியாக்கிக்கொண்டோம் நாங்கள். ஐயா கல்வெட்டைத் திரும்பிப் பார்த்து, "பொய்யைக் கல்லுல வெட்டிட்டேனேம்மா" என்றார். வாசலுக்குப் போய், "அண்ணே, வண்டி நிக்கட்டும். அந்தம்மா ஸ்கேன் திறக்காம இது நகராது" என்று அவரே சொல்லிவிட்டு வந்தார். அந்த மனசுக்கு ஒரு கைதட்டல் கொடுங்கள்!

பிறகு புது மென்பொருள் போட்டோம். தரவுத்தளத்துக்குள் நாங்கள் எழுதிவைத்த நிரல்கள் இருக்கின்றனவே, அத்தனையும் பழைய அளவுக்குத் தைத்த சட்டைகள். அக்காவுக்குத் தெரியும், உடம்பு மாறினால் சட்டையைப் பிரித்துத்தான் தைக்க வேண்டும். ஒவ்வொன்றாகப் பிரித்துத் தைத்தோம். வரவேற்புரை நடக்கும்போதுதான் கடைசித் தையல் முடிந்தது. அதோ, கடைசி வரிசையில் மடிக்கணினியோடு இருக்கிறாரே என் சக ஊழியர், 'ஊமைக்குசும்பர்' என்போம், கட்டைவிரலை உயர்த்துகிறார். முடிந்தது என்று அர்த்தம். சரியாக முடிந்ததா? அது அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

செயலாளர் கடிகாரத்தைத் தட்டுகிறார். தட்டட்டும்! ஐயா, எட்டோடு நின்றால்?

"கல்லைத் திறக்க மாட்டேன்மா. கேளு நீ."

கேட்டீர்களா? இப்படி ஒரு தலைவர் கிடைக்க வேண்டும்! குசும்பரே, கேள்வியைப் போடும். விலாசத்தை ஒவ்வோர் எழுத்தாகத் திரையில் விடும். தாய்மார்களே, பெரியோர்களே, நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டாம். நீங்களே எண்ணுங்கள். உரக்க எண்ணுங்கள்!

ஒன்று! இரண்டு! மூன்று! இந்தப் பக்கம் சத்தமே இல்லையே! நான்கு! ஐந்து! ஆறு! ஏழு!

எட்டு!

ஐயோ, குசும்பரே, ஏனய்யா நிறுத்தினீர்? தண்ணீர் குடிக்கிற நேரமா இது?

ஒன்பது! ஒன்பது வந்துவிட்டது! பத்து! பதினொன்று! எழுந்தே நின்றுவிட்டீர்களா! பன்னிரண்டு! பதின்மூன்று! பதினான்கு! பதினைந்து!

பதினாறு!

இருங்கள், இருங்கள், இன்னும் முடியவில்லை. ஸ்கேனைத் திறவும். பாதி... முக்கால்... எப்போதும் நிற்கும் இடம் இதுதான்... தாண்டிவிட்டது! தாண்டிவிட்டதய்யா! அதோ முழு இடுப்பும்! அக்கா, நிமிர்ந்து பாருங்கள், அது உங்களுடையது!

அக்கா ஏதோ கேட்கிறார். மைக்கைக் கொஞ்சம் அவரிடம் கொடுங்கள்.

"அப்போ மறுபடியும் கம்பியைப் புடிச்சுக்கிட்டு நிக்க வேணாமாம்மா?"

கால் செய்யும் கலைஞர் அங்கிருந்தே பதில் சொல்கிறார்: "வேணாம்க்கா! நாளைக்கே கிண்ணத்தைக் கடைய ஆரம்பிச்சிடறேன். திங்கக்கிழமை போட்டுப் பார்க்க வாங்க."

"வரேன் தம்பி. கத்தரிக்கோலையும் எடுத்துட்டு வரேன். ஒரு மேசை மட்டும் போட்டு வைங்க."

இதற்கு மேல் நான் என்ன பேசுவது? ஐயா, இப்போது கல்லைத் திறங்கள். அதில் இருப்பது இப்போதுதான் உண்மையாயிற்று. என்னோடு சேர்ந்து எண்ணிய அத்தனை வாய்களுக்கும் நன்றி. திங்கட்கிழமை அந்த மேசை முன்னால் எழுந்து நிற்கப்போகும் அக்காவுக்கு, என் முதல் வணக்கத்தை இன்றே சொல்லி அமர்கிறேன்.