எங்கள் வீதிக்கு ஒரு சிலாப்

உங்கள் ஸ்டேஷன் டீ நன்றாகவே இருக்கிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. பெரியநாயக்கன்பாளையத்தில் என் லேத் பட்டறைப் பக்கம் இப்படிக் கிடைக்காது.

நான் நரசிம்மலு, எங்கள் வீதி மக்கள் மன்றத்தின் செயலாளர். வீதி முனையில் ஆள் ஆழத்துக்குச் சாக்கடை. தாண்டுவதற்கு ஒரு பலகை போட்டிருந்தோம். தொண்ணூற்றாறில் உள்ளாட்சித் தேர்தல் முடிந்த கையோடு கான்கிரீட் சிலாப் கேட்டு மனு கொடுக்க ஆரம்பித்தோம். அந்த மனுக்களை உள்ளே போட்டிருந்தாலே சாக்கடை மூடியிருக்கும்.

பேரூராட்சி அலுவலகத்துப் பொறியாளர் தங்கமானவர். ஒருநாள் உட்காரவைத்துக் கேட்டார்: "ஏனுங்க, இதுவரைக்கும் யாராச்சும் உழுந்திருக்கறாங்களா?"

இல்லை என்றேன்.

"அப்பறம் எப்படீங்க அவசரம்னு எழுதறது? மக்களும் ஒத்துழைச்சாத்தானுங்க வேலை நடக்கும்."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை நாளும் வெறுங்கையோடு போய் நின்றிருக்கிறோம்.

அன்று சாயங்காலமே பலகையை எடுத்துவிட்டேன். முதலில் விழுந்தது எருமை. அது கால்நடைத் துறையில் சேரும் என்றார் பொறியாளர். வீதிக்காரர்கள் பலகையைத் திரும்பப் போட்டார்கள், நானும் திரும்ப எடுத்தேன். அடுத்து, காந்திபுரத்திலிருந்து தவணைக்குச் சேலை விற்க வருகிறவர் விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். வெளியாட்கள் கணக்கில் வரமாட்டார்களாம். உங்கள் வீதியில் வரி கட்டுகிறவராக இருந்தால் தேவலை என்று பொறியாளரும் என்னோடு சேர்ந்து வருத்தப்பட்டார்.

வரி என்றால் எங்கள் மன்றத் தலைவர் ஐயாசாமிதான். கெடுவுக்கு முன்பே கட்டிவிடுவார். எனக்கு உயிர்ச் சிநேகிதர். கூட்டத்துக்குக் கூட்டம், "இந்த சிலாப்புக்காக உசுரக் குடுக்கவும் தயாருங்க" என்று பேசியவரும் அவரே. வேறு யாரையாவது தேர்ந்தெடுத்திருந்தால் மனம் சங்கடப்பட்டிருப்பார்.

மன்ற வேலை என்று சொல்லி என் வீட்டுக்கு அழைத்தேன். அவர் வீடு சாக்கடைக்கு அந்தப் பக்கம். அவர் காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே பின்வாசல் வழியாகப் போய், வீதிக்காரர்கள் மறுபடி போட்டிருந்த பலகையை எடுத்துவிட்டேன். இருட்டும்வரை பேசினோம். வீதி விளக்கு எரியவில்லை. அதற்கும் மனு கொடுத்திருக்கிறோம். விழுந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

சிலாப் அந்த வாரமே வந்தது. அவர் மனைவி ராசாத்தாள் இப்போது பயமில்லாமல் அதன்மேல் நடந்து தண்ணீர் பிடித்து வருகிறார். பார்க்க நிறைவாக இருக்கிறது. அவர் இல்லாத குறை எனக்கும் உண்டு, தனியாகக் காப்பி குடித்தால் இறங்குவதில்லை.

கொலை என்று எழுதுகிறீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். பலகையை எடுத்தவன் நான்தான், மறுக்கவில்லை. ஆனால் நான் அக்கறையில்லாதவன் என்று மட்டும் எழுதாதீர்கள். அன்றைக்கு வாசல்வரை வந்து, "இருட்டாக் கெடக்குது, பாத்துப் போங்க" என்று சொல்லித்தான் அவரை அனுப்பினேன்.