கடைசி ஐந்து நிமிடம்

இந்த சீசனில் தொலைக்காட்சி உண்மையிலேயே நன்றாக இருந்தது. போன சீசனில் உட்கார்ந்து பார்க்கும்படியாக ஒன்றுகூட இல்லை. இந்த முறை வாரத்தில் நான்கு நாள் எனக்குப் பொழுது போனதே தெரியவில்லை. திங்கட்கிழமை, பழைய வீடுகளைப் புதுப்பிக்கும் நிகழ்ச்சி. செவ்வாய்க்கிழமை சொல்விளையாட்டு. வியாழக்கிழமை ஏழு மணிக்கு அக்கா தங்கை தொடர். சனிக்கிழமை பாட்டுப் போட்டி. என்னைக் கேட்டால் வியாழக்கிழமைத் தொடர்தான் முதலிடம். என் கணவருக்கு சொல்விளையாட்டு. நீங்கள் வாக்குமூலமாக எழுதிக்கொள்வதால் கிழமைகளைச் சரியாகச் சொல்கிறேன்.

அவர் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துபவராக இருந்தவர். கல்யாணப் பத்திரிகையிலிருந்து பாடப்புத்தகம் வரை அவர் கண்ணில் படாமல் ஒரு பிழையும் வெளியே போகாது. வீட்டிலும் அப்படித்தான். "சுவத்துல ஆணி அடிக்கணும்" என்பேன். "சுவர்ல" என்பார், தலையைக்கூட நிமிர்த்தாமல். பிறகு எழுந்து ஆணி அடித்துக் கொடுப்பார். நல்ல மனிதர். குடி கிடையாது, கை நீட்டியது கிடையாது.

நான் ஒரு பெரிய அலுவலகத்தில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருபத்தெட்டு வருடம் இருந்தேன். ஆள் எதிரிலேயே உட்கார்ந்திருப்பார், "வெளியே போயிருக்கார் சார்" என்று குரல் மாறாமல் சொல்ல வேண்டும். என் குரலைப் பற்றி ஒரு புகார் வந்ததில்லை.

அவருக்கு ஏழரைக்குச் செய்தி கேட்க வேண்டும். விளம்பரமெல்லாம் சேர்ந்து என் தொடர் முடிய ஏழு முப்பத்தைந்து ஆகிவிடும். சரியாக ஏழரைக்கு வந்து, ரிமோட்டை எடுத்து மாற்றிவிடுவார். கல்யாணமான முப்பத்தொரு வருடத்தில் ஒரு தொடரின் முடிவையும் நான் கண்ணால் பார்த்ததில்லை. மறுநாள் அலுவலகத்தில் யாரிடமாவது கேட்டுத் தெரிந்துகொள்வேன். என் மகள் போன வாரம் கேட்டாள், "அஞ்சு நிமிஷம் இருக்கட்டும்னு அப்பாகிட்ட ஒரு தடவையாவது சொன்னியாம்மா?"

சொன்னதில்லை. தானாகத் தெரிய வேண்டாமா?

அவருக்குப் பக்கவாதம் வந்தது சீசன் தொடங்குவதற்கு முன்பு. வலது கையும் காலும் போயின, பேச்சும் போயிற்று. இடது கையில் பென்சிலைக் கொடுத்தால் கோடுதான் வந்தது. மருத்துவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு விளக்கினார். "அவருக்கு எல்லாம் புரியுதும்மா. சொல்லத்தான் வார்த்தை வரல. முதல் ஆறு மாசம் முக்கியம், வர்றது பெரும்பாலும் அதுக்குள்ள வந்துடும். பயிற்சியை மட்டும் விட்டுடாதீங்க." நான் தலையாட்டினேன். எனக்கும் எல்லாம் புரிந்தது.

அவர் வீடு திரும்பிய வாரமே நிகழ்ச்சிகள் தொடங்கின. இருபத்தாறு வாரம்.

நான் அவரை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்கு மாத்திரை, இரண்டு மணி நேரத்துக்கொரு முறை புரட்டிப் படுக்க வைப்பது. அவர் முதுகைப் பார்த்திருப்பீர்கள். ஒரு புண் இருக்காது.

முதல் செவ்வாய்க்கிழமை அவருக்கு முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்கார வைத்து, சொல்விளையாட்டைப் போட்டேன். கடைசிச் சுற்றில் ஒரு சொல்லின் எழுத்துகளை ஒவ்வொன்றாகத் திறப்பார்கள். ஐந்தாவது எழுத்து திறந்ததும் அவர் முகம் மலர்ந்தது. விடை தெரிந்துவிட்டது. நான் தொலைக்காட்சியை அணைத்தேன்.

கை தவறிப் பட்டுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் திரையைப் பார்த்தார், ரிமோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் அடுக்களைக்குப் போய், செல்போனில் மிச்சத்தைப் பார்த்து முடித்தேன். ஒரு பள்ளிக்கூட வாத்தியார் ஜெயித்தார். அவரைத்தான் என் கணவருக்குப் பிடித்திருந்தது. திரும்பி வந்து, "வாத்தியார் தோத்துட்டாருங்க" என்றேன்.

வாரா வாரம் இது நடந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். சின்ன வயது, கெட்டிக்காரி. மருத்துவமனை வேலை முடிந்து வியாழக்கிழமை ஆறரைக்கு வருவாள். குடை, சாவி, கதவு என்று படம் போட்ட அட்டைகளைக் காட்டி அவர் வாயைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். அவர் வியர்த்து விறுவிறுத்து உதட்டைக் கோணுவார். சத்தம் வராது. "பரவாயில்லை ஐயா, அடுத்த வாரம் வரும்" என்பாள்.

ஐந்தாவது வாரம் பேச்சு வந்தது. ஆனால் செவ்வாய்க்கிழமை. நான் அணைத்ததும் அவர் "போடு" என்றார்.

குரல் கரகரத்தது. சொல் சுத்தமாக இருந்தது. "என்னங்க?" என்றேன். மறுபடியும், "போடு."

போட்டேன். அதற்குள் நிகழ்ச்சி முடிந்து விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசி செய்தேன். "அவரை அவங்க அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்மா. அங்கேயே ஒருத்தங்க வந்து பயிற்சி கொடுப்பாங்க."

"நல்லதும்மா. ஐயாவுக்குச் சீக்கிரமே வந்துடும்னு தோணுது. நடுவுல விட்டுடாதீங்க."

"விட மாட்டோம்மா" என்றேன்.

அவரிடம் வேறு மாதிரி சொன்னேன். "அந்தப் பொண்ணு இனிமே வராதுங்க. உங்ககிட்ட முன்னேற்றமே இல்லைன்னு சொல்லிடுச்சு." அவர் அன்று சாப்பிடவில்லை. மகளிடம், பயிற்சி ஒழுங்காக நடக்கிறது என்றேன்.

காரணம் கேட்டீர்கள். அவள் ஆறரைக்கு வந்தால் ஏழேகால் வரை இருப்பாள். என் தொடர் ஏழு மணிக்கு. அதுதான் காரணம். வேறு நாள் கேட்டிருக்கலாமே என்கிறீர்கள். கேட்டிருக்கலாம்.

ஒன்பதாவது வாரமோ பத்தாவது வாரமோ, காலையில் நான் அவர் அறைக்குள் நுழைந்தபோது எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்து வாயை அசைத்துக்கொண்டிருந்தார். குடை. சாவி. அந்தப் பெண் காட்டிய மாதிரியே உதட்டைக் குவித்தார், திறந்தார். என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டார். அன்று மத்தியானமே கண்ணாடியைக் கழற்றி அடுத்த அறையில் மாட்டினேன். ஆணியை நானே அடித்தேன். சுவரில்தான்.

மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் பேசுவாள். வெளியூரில் இருக்கிறாள், பிரசவம் நெருங்கியதால் பயணம் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். உன் முகத்தைப் பார்த்தால் அப்பா அழுகிறார் என்று சொல்லி வீடியோ வேண்டாமென்று வைத்திருந்தேன். குரல் மட்டும். போனை அவர் காதில் நான் பிடித்துக்கொள்வேன். பதினான்காவது வாரம் அவள் பேசிக்கொண்டிருக்கும்போது அவர் "வா" என்றார். கொஞ்சம் பொறுத்து, "வா... வா."

"அம்மா, அப்பா என்னமோ சொல்றார். என்ன சொல்றார்?"

"கொட்டாவி விடுறார்டி. ராத்திரி சரியாத் தூங்கல."

அவர் என்னைப் பார்த்தார். கோபமாக இல்லை. மெய்ப்பில் புரியாத ஒரு வரி வந்தால் திரும்ப முதலிலிருந்து படிப்பார், அந்த மாதிரிப் பார்த்தார். அதற்குப் பிறகு அவர் முயற்சி செய்யவில்லை. நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன். இருபதாவது வாரம் வந்தபோது கடைசிச் சுற்று தொடங்கியதும் அவரே கண்ணை மூடிக்கொண்டார். பார்க்காத மனிதருக்கு அணைத்து என்ன பயன்? சத்தத்தைக் கூட்டி வைத்துவிட்டுப் போனேன்.

சீசன் முடிந்த வாரம் மகள் சொல்லாமல் கொள்ளாமல் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். நன்றி சொல்ல அந்தப் பயிற்சிப் பெண்ணைத் தேடிப் போனாள். "ஐயா ஊர்லயே இல்லைன்னு சொன்னாங்களே" என்றாளாம் அவள். அப்புறம் மகள் அவரை அதே மருத்துவரிடம் கூட்டிப் போனாள். இனி பெரிதாக எதிர்பார்க்க முடியாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். மகள் அப்பாவைத் தன்னோடு அழைத்துப் போய்விட்டாள். காரில் ஏற்றும்போது நான்தான் போர்வையைச் சரிசெய்தேன். மகள் என் கையைத் தட்டிவிட்டாள். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு முன்கோபம்.

தெரிந்து செய்தீர்களா என்று கேட்டீர்கள். தெரிந்துதான் செய்தேன். அவருக்குப் பேச்சு திரும்பிக்கொண்டிருந்தது. நான் வரவிடவில்லை. காலம் கடக்கும்வரை காத்திருந்தேன், கடந்துவிட்டது. இதை இப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

கொடுமை என்று மட்டும் எழுதாதீர்கள். அது மகள் வைத்த பெயர். பக்கத்தில் இருந்து பார்த்தவளா அவள்? கூடவே இருந்தவர் அவர். சின்னப் பிழையைக்கூட விடாத மனிதர். இந்த ஆறு மாதத்தில் என்னைப் பற்றி அவர் யாரிடமும் ஒரு குறை சொன்னதில்லை.